சுவர் அளவுக்கு ஒரு படம்

தில்லி சத்தர்பூர் பண்ணை வீடுகளில் சுவர்கள் பெரியவை. காலரியில் இரண்டடிப் புகைப்படத்தைப் பார்ப்பவர், "இதையே ஆறடிக்குப் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்பது இயல்பே. முடியாத காரியமல்ல. 64 அங்குல அகலச் சுருளில் அச்சிடும் இயந்திரங்கள் உண்டு. 35 மி.மீ. நெகட்டிவை சுமார் 50 மடங்கு பெரிதாக்கினால் ஆறடி. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் துகள்கள் உறுத்தாது.

சிக்கல் வேறு. 'பத்துப் பிரதிகள் மட்டுமே' என்பதை நம்பி ஏற்கெனவே சிறிய படத்தை வாங்கியவருக்கு என்ன பதில்?

அமெரிக்காவில் இது கோர்ட் வரை போனது. வில்லியம் எகிள்ஸ்டன் தன் பழைய வண்ணப் படங்களைப் பெரிய அளவில் மறுபடி அச்சிட்டார். 2012 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 36 படங்கள் சுமார் 59 லட்சம் டாலருக்கு விலைபோயின. சிறிய பிரதிகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-ல் அது தள்ளுபடியானது. அளவும் அச்சு முறையும் மாறியதால் அவை தனிப் பதிப்பு என்றது நீதிமன்றம்.

சட்டம் கலைஞர் பக்கம். எனவே, 'எல்லா அளவுகளிலும் சேர்த்து எத்தனை பிரதிகள்?' என்பதற்கான பதிலை வாங்கும்போதே எழுத்தில் பெற்றுவிடுவது நல்லது. அந்தப் பதிலைத் தர விரும்பாத காலரியில் ஆறடிப் படம் மட்டுமல்ல, இரண்டடிப் படம்கூட வாங்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.