விலையும் ஊட்டமும்

ஓர் உணவின் சிறப்பை அதன் விலையைக் கொண்டு அளக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. இன்று பலராலும் புகழப்படும் கினோவாவைக் கொண்டே இதனை விளக்கலாம்.

கினோவா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதிக்கு உரியது. பெரு, பொலிவியா நாடுகளின் உயர்ந்த பீடபூமிகளில், குளிரும் வறட்சியும் மிகுந்த நிலத்தில், உழவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதனைப் பயிரிட்டு வருகின்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2013ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கினோவா ஆண்டாக அறிவித்தது. இதனைச் சிலர் சீமைத் தினை என்பர். எனினும், இது தினையைப் போலப் புல்லினத்தைச் சேர்ந்ததன்று. வட இந்தியச் சந்தைகளில் குளிர்காலத்தில் விற்கப்படும் பத்துவாக் கீரையின் இனத்தைச் சேர்ந்தது.

கினோவாவின் நற்பண்புகள் மெய்யானவையே. 100 கிராம் கினோவாவில் ஏறத்தாழ 14 கிராம் புரதம் உள்ளது. அரிசியில் இருப்பதோ அதில் பாதியளவே. நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத ஒன்பது அமினோ அமிலங்களும் கினோவாவில் அமைந்துள்ளன. நார்ச்சத்தும் இரும்பும் மக்னீசியமும் இதில் உண்டு. குளூட்டன் இல்லாமையால், அது ஒவ்வாதவர்களும் இதனை உண்ணலாம். விதையின் மேலுள்ள சப்போனின் என்னும் பொருள் கசக்கும்; ஆதலால் நுரை அடங்கும்வரை கழுவிய பின்னரே சமைத்தல் வேண்டும்.

ஆயினும், கினோவா உண்டால்தான் உடல்நலம் வாய்க்கும் என்னும் விளம்பரப் பேச்சை நான் ஏற்கவில்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுந்துள்ளது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே பருப்புச் சோறும், கிச்சடியும், ராஜ்மா சாவலும் நிறைவான புரதத்தைத் தருகின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மிகுதியான சுண்ணாம்புச்சத்து உள்ளது. கினோவாவில் உள்ளதோ 50 மில்லிகிராம் அளவே. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, 2023ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதையும் நினைவில் கொள்வோம்.

மாணவர்களே! கினோவா கிடைத்தால் மகிழ்ந்து உண்ணுங்கள். அதனைக் காத்து வளர்த்த மலைநாட்டு உழவர்களை மதியுங்கள். ஆனால், உணவுப் பெட்டியில் கேழ்வரகு ரொட்டி கொண்டுவரும் தோழன் அதனை மூடி மறைத்து உண்ணும் நிலை நம் வகுப்பில் வரலாகாது. விலை குறைந்த உணவு தரம் குறைந்த உணவாகாது. இதனை அறிந்து உண்பதே உண்மையான உணவறிவாகும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டில் அடிக்கடி சமைக்கப்படும் உணவு ஒன்றின் ஊட்டச்சத்துகளைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.