மனோவசியமும் மனம் புதிதாகுதலும்



நவி மும்பையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்திற்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். அவருடைய கணவர் பதினெட்டு ஆண்டுகளாக லோக்கல் ரயிலில் வேலைக்குச் சென்று வந்தவர். ஒருநாள் காலை நெரிசலில், குர்லாவைக் கடக்கும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, மரண பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. இருதயத்தில் குறையொன்றுமில்லை என்று பரிசோதனைகள் காட்டின. ஆயினும் அன்றுமுதல் ரயில் நிலையப் படிக்கட்டைக் கண்டாலே கால்கள் நடுங்குகின்றன. மூன்று மாதமாகச் சம்பளமில்லா விடுப்பு. மனநல மருத்துவர் மாத்திரை தந்து, தம்முடன் பணிபுரியும் மனோதத்துவ நிபுணரிடம் ஹிப்னோதெரபியும் செய்துகொள்ளலாம் என்றாராம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அது மனோவசியம், பிசாசுக்குக் கதவைத் திறப்பது" என்று மூத்த சகோதரி ஒருவர் எச்சரித்திருக்கிறார். "ஐயா, மறைவாகப் போகலாமா, அல்லது போகாமலே இருந்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

மறைவாக என்ற அந்த ஒரு சொல் என்னை வெகுவாய் வருத்தியது. வியாதிக்காரன் சபைக்கு ஒளித்து மருத்துவரிடம் போகவேண்டிய நிலையை நாம்தானே உண்டாக்கினோம்?

வசியம் என்ற சொல்லே பாதிப் பயத்தை விளைவித்துவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் தம்மிடமிருந்து நோயாளிக்குப் பாய்வதாகப் போதித்தார். 1784-இல் பிரான்சு தேசத்து அரசன் நியமித்த விசாரணைக் குழு, அப்படியொரு திரவம் இல்லை, இது கற்பனையின் வேலை என்று அறிவித்தது. பின்பு கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1813-இல் பாரிஸ் நகரில் இதைச் செய்துகாட்டி, வல்லமை செய்பவனிடத்தில் இல்லை, உட்படுகிறவனுடைய மனதிலேயே இது நிகழ்கிறது என்று விளக்கினார். பனாஜியில் அவருடைய சிலை நிற்கிறது. ஒரு பெண்ணின்மேல் கைகளை நீட்டி நிற்கும் அவரைப் பார்த்து, பிசாசு துரத்துகிறார் என்று எண்ணியவர்கள் நம்மவரிலும் உண்டு! 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் இம்முறையால் வலி தெரியாமல் அறுவைசிகிச்சை செய்தார். 1847-இல் குளோரோஃபார்ம் வந்தபின் அது கைவிடப்பட்டது.

இன்று நடப்பது என்ன? கண்களை மூடி, மூச்சைச் சீராக்கி, கவனத்தை ஒன்றில் குவிக்கிறார்கள். அது உறக்கமன்று, பேசுவது காதில் விழும், வேண்டாமென்றால் எழுந்து வரலாம். அந்த நிலையில், பயந்த இடத்தைப் பயமின்றி மனதில் நடந்து பார்க்கச் செய்கிறார்கள். வலிக்கும், சிகிச்சைக்கு முன்னான பதற்றத்திற்கும், சிலவகைக் குடல் உபாதைக்கும் இது உதவுவதாக ஆய்வுகள் உண்டு. எல்லாருக்கும் ஒன்றுபோல் பலிப்பதில்லை. இல்லாத குரல்களைக் கேட்கும் அளவுக்கு மனம் கலங்கியவர்களுக்கு இது ஆபத்தாகவும் முடியலாம்.

உபாகமம் 18-ஐ எடுத்துக்காட்டுவோர் உண்டு. அங்கே விலக்கப்பட்டவற்றில் ஒன்றைக் குறிக்கும் எபிரெயச் சொல் மந்திரக்கட்டுப் போடுவதைக் குறிக்கிறது. ஆவிகளையும் செத்தவர்களையும் நாடுவது அங்கே தடைசெய்யப்படுகிறது. மருத்துவர் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்வதை அதனோடு சேர்க்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. ஆனால் வேறொரு கடை விரிந்திருக்கிறது. முற்பிறவிக்குக் கொண்டுபோகிறோம் என்று பெருநகரங்களில் பலர் விளம்பரம் செய்கிறார்கள். 2009-இல் இந்தித் தொலைக்காட்சியில் அதை ஒரு நிகழ்ச்சியாகவே நடத்தினார்கள். அந்த வாசலை மிதிக்கவேண்டாம். மனிதனுக்கு மரணம் ஒருமுறையே என்று எபிரெயர் 9:27 போதிக்கிறது. மேலும், அந்த நிலையில் நடவாததை நடந்ததாக மனம் நம்பிவிடக்கூடும் என்று மனோதத்துவர்களே எச்சரிக்கிறார்கள். எல்லா வல்லமையும் உனக்குள்ளேயே இருக்கிறது என்று ஓதும் கூடங்களும் நமக்குரியவையல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். விளக்கை மங்கலாக்கி, கீபோர்டை மெல்ல வாசித்து, ஒரே வரியை இருபது முறை பாடவைத்து, பின்பு கையை உயர்த்தச் சொல்லுகிறோமே, அது என்ன? ஆவியானவரின் கிரியை மெய்யானது. உணர்ச்சித் தூண்டுதல் வேறு. பிறரைச் சோதிக்குமுன் நம்மைச் சோதிப்போம்.

இவற்றையெல்லாம் சுலபமாகக் கற்றவனல்ல நான். இருபது ஆண்டுகளுக்கு முன், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவந்த ஒரு வாலிபனிடம், "விசுவாசித்தால் இது எதற்கு?" என்று கேட்டேன். அவன் மாத்திரைகளை எறிந்துவிட்டான். நான் அதைச் சாட்சியாகப் பிரசங்கித்தும் விட்டேன். ஐந்தாவது வாரம் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை, உணவும் எடுக்கவில்லை. அவனுடைய தாயார் என்னிடம் சொல்லாமலே அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மாத்திரையும் எடுக்கிறான், ஜெபிக்கவும் செய்கிறான். அந்தத் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாயிருந்தது.

அதற்குப் பிறகே 1 இராஜாக்கள் 19-ஐச் சரியாக வாசித்தேன். சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவை ஆண்டவர் முதலில் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், அடையும் தண்ணீரும் இருமுறை கொடுத்தார். ஓரேபின் மெல்லிய சத்தம் பிற்பாடுதான். ரோமர் 12:2 கூறும் மனம் புதிதாகுதலும் ஓர் அமர்வில் முடிவதல்ல. சங்கீதம் 42-இல் பாடகர்களாகிய கோராகின் புத்திரர் கலங்குகிற தங்கள் ஆத்துமாவோடு தாங்களே பேசி, அதைத் தேவனிடமாய்த் திருப்புகிறார்கள். அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார்கள், அடுத்த சங்கீதத்திலும் கேட்கிறார்கள்.

சகோதரியே, அந்த நிபுணர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்று முதலில் கேட்டறியுங்கள். என்ன செய்வார், என்ன சொல்வார் என்று முன்னதாகவே கேளுங்கள், நல்லவர் மறைக்கமாட்டார். மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம். இரவில் பயம் மிஞ்சினால், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள், தமிழிலும் பேசலாம். இந்தப் பக்கத்தை உங்கள் போதகரிடமும் ஜெபக்குழுவின் மூத்த சகோதரியிடமும் காண்பியுங்கள். அவர்களில் ஒருவர், ஒரு காலைவேளை, நெரிசல் இல்லாத நேரத்தில் உங்கள் கணவரோடு ஒரேயொரு ஸ்டேஷன் தூரம் பயணம் செய்ய வரட்டும்.