கேள்வியோடு புறப்படுங்கள்



புத்தாண்டு ஆராதனை முடிந்த சில வாரங்களுக்குள், வெளிநாட்டுக் கோடைகாலப் படிப்புகளைப் பற்றிய அறிவிப்புகள் நம் கல்லூரிப் பிள்ளைகளை வந்தடைகின்றன. லண்டனில் மூன்று வாரம், பெர்லினில் நான்கு வாரம், சிங்கப்பூரில் இரண்டு வாரம் என அவை அழைக்கின்றன. பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும், இவற்றில் எதைத் தெரிந்தெடுப்பது என்று போதகரிடமும் கேட்கிறார்கள். என் மறுமொழி இதுவே: நாட்டைத் தெரிந்தெடுப்பதற்கு முன், எந்தக் கேள்வியோடு போகிறோம் என்பதை முடிவுசெய்யுங்கள்.

சேபாவின் ராஜஸ்திரீயை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 10). எருசலேமைச் சுற்றிப் பார்ப்பதற்காக அவள் அவ்வளவு தூரம் பயணப்படவில்லை. சாலொமோனிடம் கேட்பதற்கு அவள் இருதயத்தில் கடினமான கேள்விகள் இருந்தன. அவற்றையெல்லாம் கேட்டாள்; பதில் பெற்றாள்; பின்பு தன் சொந்த தேசத்துக்குத் திரும்பினாள். ஒட்டகங்கள் சுமந்துவந்த பொன்னும் கந்தவர்க்கங்களும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் நம்முடைய ஆண்டவர் அவளைக் குறித்துப் பேசியபோது, ஞானத்தைக் கேட்க அவள் வந்ததையே எடுத்துக் கூறினார் (மத்தேயு 12:42).

கடலரிப்பில் வீடுகளை இழந்த ஊரில் வளர்ந்த கட்டுமானப் பொறியியல் மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் நீர் மேலாண்மை பற்றி நடைபெறும் கோடைப் படிப்பு அவளுக்குப் பொருந்தும். அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் 1,800க்கும் மேற்பட்டோரை இழந்த பின்பு, அம்மக்கள் பல பத்தாண்டுகள் உழைத்துக் கடலரண்களைக் கட்டி எழுப்பினார்கள். அவர்களிடம் கேட்பதற்கு அவளிடம் கேள்வி உண்டு. அவ்வாறே, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்த அருட்பணியாளர்களும் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை மூலமொழியில் வாசிக்க விரும்பும் வரலாற்று மாணவனுக்கு ஜெர்மன் மொழிக் கோடைப் படிப்பு பயன்படும். இத்தகைய கேள்வி எதுவும் இல்லாதவருக்கு அந்த மூன்று வாரங்களும் சுற்றுலாவாகவே முடியும். சுற்றுலா பாவமன்று. ஆனால் அதற்குப் படிப்பு என்று பெயரிட்டு, தாயின் நகையை அடகு வைப்பது நியாயமன்று.

கேள்வி தெளிவான பின்பு, படிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, நடத்துகிறவர் யார் என்று பாருங்கள். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் விடுமுறைக் காலத்தில் தனியார் நிறுவனங்கள் கல்லூரி அறைகளை வாடகைக்கு எடுத்துப் பாடம் நடத்துகின்றன. இடம் அங்கே இருப்பதனால் சான்றிதழ் அந்தப் பல்கலைக்கழகத்தினுடையது ஆகிவிடாது. சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, நம்முடைய கல்லூரி அதை ஏற்குமா என்று விசாரியுங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். அதை இங்கே கணக்கில் சேர்ப்பது உங்கள் துறைத்தலைவரின் முன்அனுமதியைப் பொறுத்தது. ஐரோப்பாவின் கோடைப் படிப்புகள் பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை நடைபெறுகின்றன. நம் கல்லூரிகளோ ஜூன், ஜூலை மாதங்களிலேயே திறந்துவிடுகின்றன. வருகைப் பதிவு குறைந்து, அங்கே பெற்றதை இங்கே இழந்துவிடக் கூடாது.

மூன்றாவது, செலவு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு போதித்தார் (லூக்கா 14:28). கட்டணத்தோடு விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் கூட்டுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். பிரிட்டனில் பார்வையாளர் விசாவிலேயே, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதம் வரை படிக்கலாம். ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. அமெரிக்காவிலோ, கிரெடிட் தரும் படிப்பைச் சுற்றுலா விசாவில் படிக்க முடியாது. அங்கே பகுதிநேர வேலை பார்த்துப் பணத்தைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று எந்த முகவராவது சொன்னால், அவரை நம்பாதீர்கள்.

மூன்று வாரப் படிப்புக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உதவித்தொகை கிடைத்தால் போகலாம். ஜெர்மன் மொழிக் கோடைப் படிப்புகளுக்கு டிஏஏடி என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு உதவித்தொகை வழங்குகிறது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஓரளவு மொழி அறிவும் வேண்டும். இவ்வாண்டு இயலாவிட்டால், இவ்வாண்டு மொழியைக் கற்று அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.

“வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உலகத்தைப் பார்க்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை, ஏழைக் குடும்பம் தனியாகக் கடனில் இறங்குவதன்று. சபை தோள் கொடுப்பதே. நம் கல்வி நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது இதற்கென உதவி செய்ய முடியுமா என்று கமிட்டியார் ஜெபத்தோடு ஆலோசிக்கும்படி வேண்டுகிறேன். போய்வருகிறவர் தாம் கற்றதை வாலிபர் ஐக்கியத்தில் பகிர்ந்துகொள்ளட்டும்.

பெற்றோருக்கு இன்னொரு வார்த்தை. மகன் கேட்டால் கடன் வாங்கியாவது அனுப்பத் துணிகிற நாம், மகளுக்கு உதவித்தொகையே கிடைத்தாலும் “பெண்பிள்ளை தனியாக எப்படிப் போவாள்?” என்று தயங்குகிறோம். தங்குமிடத்தைப் பற்றியும், ஆபத்தில் யாரை அழைப்பது என்பதைப் பற்றியும் கேளுங்கள். மகனுக்காகவும் அப்படியே கேளுங்கள். ஆனால் கேள்வியை உடையவள் மகளானால், அவளைத் தடுக்காதீர்கள். சாலொமோனைத் தேடி வந்தவளும் ஒரு பெண்ணே.

வாலிபப் பிள்ளைகளே, விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் ஒருவரிடமும் வீட்டாரிடமும் அதைக் காட்டுங்கள். ஒரு வாரம் அதை வைத்து ஜெபியுங்கள். அதன்பின்பும் அந்தக் கேள்வி உங்களை விடாமல் தொடருமானால், பரிந்துரைக் கடிதத்துக்கு என்னிடம் வாருங்கள். மகிழ்ச்சியோடு எழுதித் தருவேன்.

ஜெபம்: ஞானத்தின் ஊற்றாகிய பிதாவே, எங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் நல்ல கேள்விகளை எழுப்பும். பெற்றோருக்குத் தெளிவையும், சபைக்குத் தாராள மனதையும் தாரும். போகிறவர்களைக் காத்து, மற்றவர்களுக்குப் பயன்படும்படி திரும்ப அழைத்து வாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.