திரையை அப்புறம் வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டுக்குப் போனால் அவர் முதலில் காட்டுவது மானிட்டரைத்தான். எத்தனை அங்குலம், எத்தனை பிக்ஸல் என்று பெருமையாகச் சொல்வார். மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். சுவரில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளக், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்த பாக்ஸில் இன்னொரு பாக்ஸ், ஓரத்தில் கடைக்காரர் தள்ளிவிட்ட ஒரு யு.பி.எஸ். எர்த் இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது.

இதே காட்சியைப் பல கோடி ரூபாய் விலையில் கடலிலும் காணலாம். குரூயிசிங் கேடமரான் எனப்படும் படகுகளைத்தான் சொல்கிறேன். இரண்டு ஒல்லியான படகு உடல்கள், நடுவில் அவற்றை இணைக்கும் தளம், மேலே பாய்மரம். மாதக்கணக்கில் அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, நாடு நாடாகச் செல்வதற்கென்று கட்டப்படுபவை. பிரான்ஸின் லகூன், பவுண்டேன் பஜோ, தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் லெபர்ட் ஆகியவை இதில் பிரபலம். கேடமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் வடிவம் நம்முடையது அல்ல. நம் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டியது. இவை பசிபிக் தீவு மக்களின் இரட்டைப் படகுகளின் வழி வந்தவை. பெயரை மட்டும் நாம் கொடுத்திருக்கிறோம்.

கம்ப்யூட்டர் இதழில் படகு எதற்கு என்று கேட்காதீர்கள். இன்றைய கேடமரான் என்பது தண்ணீரில் மிதக்கும் ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க். கரன்ட் கம்பெனி கிடையாது, சர்வீஸ் எஞ்சினியர் கிடையாது. எல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும். மலேசியாவின் லங்காவித் தீவில், புக்கெட்டுக்கும் பினாங்குக்கும் இடையே வந்து போகும் படகுகளுக்கு மின் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: படகுக்கு உபகரணம் வாங்க 100 ரூபாய் வைத்திருந்தால், முதல் 60 ரூபாய் தரைப்பலகைக்கு அடியில் போக வேண்டும். பேட்டரி, கேபிள், பியூஸ், அளக்கும் மீட்டர். அதற்குப் பிறகுதான் திரைகள். படகு உரிமையாளர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரு முறை 42 அடி கேடமரான் ஒன்று வந்தது. ஓய்வு பெற்ற கணவன், மனைவி இருவர் மட்டும். ஸ்டியரிங் முன் இரண்டு பெரிய சார்ட்பிளாட்டர் திரைகள், ரேடார், உள்ளே இன்னொரு திரை. புகார் என்ன? ஆட்டோபைலட் இரவில் தானாக நின்று விடுகிறது. ஆட்டோபைலட் என்பது சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் கருவி. இருவர் மட்டும் செல்லும் படகில் அதுதான் மூன்றாவது ஆள். ஒருவர் தூங்க, ஒருவர் காவல் இருக்க, மலாக்கா நீரிணையில் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது அது கையை விட்டால் படகு திரும்பி, பாய் மறுபக்கம் அடித்துக்கொள்ளும். அந்த அம்மா இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றார்.

முந்தைய துறைமுகத்தில் ஆட்டோபைலட்டின் கன்ட்ரோல் கம்ப்யூட்டரையே மாற்றியிருந்தார்கள். சாப்ட்வேரை இரண்டு முறை அப்டேட் செய்திருந்தார்கள். எங்கள் பட்டறையில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர், திரைப் பக்கமே போகவில்லை. மல்டிமீட்டருடன் பேட்டரிப் பெட்டிக்குள் இறங்கினார். 12.5 வோல்ட். ஆட்டோபைலட்டின் முனையில் என்னை அளக்கச் சொன்னார். 12.3 இருந்தது. "சரியா இருக்குண்ணே" என்றேன். "ஓடாத மோட்டாருக்கு அளந்து என்ன பார்க்கப் போறே தம்பி? சுக்கானைத் திருப்பச் சொல்லி அள" என்றார். திருப்பியதும் 10.6 வோல்ட்டுக்கு விழுந்தது.

பேனலுக்குப் பின்னால் ஒரு கேபிள் லக் பச்சை பூத்திருந்தது. ஈயம் பூசாத சாதாரணச் செம்புக் கம்பி. உப்புக் காற்று உறைக்குள் ஊர்ந்து அரித்துவிட்டது. பகலில் சோலார் பேனல் பேட்டரியை 13.5 வோல்ட்டுக்கு மேல் தூக்கி வைத்திருப்பதால், வழியில் இரண்டு வோல்ட் போனாலும் ஆட்டோபைலட் சமாளித்தது. இரவில் சோலார் இல்லை, பிரிட்ஜ் ஓடுகிறது, வோல்டேஜ் தரையைத் தொட்டது. அரை மணி நேர வேலை. சில டாலர் பெறாத ஒரு லக், புதிய கம்பி ஒரு துண்டு.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரை மூன்று முறை பார்மட் செய்துவிட்டு, கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். கோளாறு என்று கண்டுபிடித்த வாசகர்களுக்கு இது புதிய கதை அல்ல. பவர் சரியில்லை என்றால் தவறு சாப்ட்வேரின் முகத்தில்தான் தெரியும்.

12 வோல்ட்டின் கணக்கு

வீட்டில் 230 வோல்ட் வருகிறது. 1200 வாட் அயர்ன் பாக்ஸ் சுமார் 5 ஆம்பியர்தான் எடுக்கும். படகில் நங்கூரத்தைத் தூக்கும் விண்ட்லாஸ் மோட்டாரும் 1200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது 100 ஆம்பியர்! பேட்டரியிலிருந்து முன்முனைக்கு 10 மீட்டர். போக வர 20 மீட்டர் கம்பி. 25 சதுர மி.மீ. கேபிள் போட்டால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் கரைந்து விடும். 50 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பாதியாகும். கேடமரானில் இது இன்னும் மோசம். இரண்டு ஹல்களுக்கும் தனித்தனியே எஞ்சின், பம்ப், விளக்கு என்று இருப்பதால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வரும் கேபிள் நீளம், ஒற்றை ஹல் படகை விட மிக அதிகம். அமெரிக்காவின் ஏ.பி.ஒய்.சி. என்ற படகுத் தர அமைப்பு, உயிர் காக்கும் கருவிகளுக்குச் செல்லும் கம்பியில் 3 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் இழப்பு கூடாது என்கிறது. மற்றவற்றுக்கு 10 சதவீதம்.

வி.எச்.எப். ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது அரை ஆம்பியர் கூட எடுக்காது. 25 வாட்டில் பேச ஆரம்பித்தால் 5 ஆம்பியரைத் தாண்டும். கம்பி மெலிந்திருந்தால் என்ன ஆகும்? பல மாதங்கள் எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஆபத்தில் உதவி கேட்டு மைக் பட்டனை அமுக்கும் அந்த நொடியில் செட் அணைந்து போகும்.

அடுத்து, ஒரு நாளைய செலவு. ஆட்டோபைலட் சராசரி 4 ஆம்பியர் என்றால் 24 மணி நேரத்துக்கு 96 ஆம்பியர் அவர். 5 ஆம்பியர் எடுக்கும் பிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் 60. திரைகளும் கருவிகளும் 48. சிறிய ஸ்டார்லிங்க் ஆன்டெனா 30 வாட் என்றால் இன்னொரு 60. விளக்கு, போன், லேப்டாப்புக்கு 30. கூட்டினால் கிட்டத்தட்ட 300 ஆம்பியர் அவர். உங்கள் வீட்டுச் சிறிய யு.பி.எஸ். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. அதைப் போல நாற்பதுக்கு மேல், தினமும்!

இன்னொரு திருட்டும் உண்டு. லேப்டாப்பை சார்ஜ் செய்வதற்காகவே பெரிய இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஆன் செய்து வைப்பார்கள். ஒன்றும் இணைக்காவிட்டாலும் அது தனக்கென 10, 15 வாட் சாப்பிடும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 20 வோல்ட்டாகக் குறைப்பது வீண் வேலை. 12 வோல்ட்டிலிருந்தே நேரடியாக யு.எஸ்.பி. டைப் சி சார்ஜர் இருக்கிறது. அதை மாட்டினால் போதும்.

லிதியம் வாங்கலாமா?

வாங்கலாம். கேடமரானுக்கு எடை எதிரி. சுமை ஏறினால் வேகம் போகும், நடுத்தளத்தின் அடியில் அலை மோதும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் ஆயுள் கெடாமல் பயன்படுத்தலாம் என்பதால் 300 ஆம்பியர் அவருக்கு 600 வாங்க வேண்டும். அது 170 கிலோ அளவுக்குப் போகும். லிதியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 400 போதும். சுமார் 50 கிலோதான்.

ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லிதியத்தை வைத்தால் வேலை முடிந்தது என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நான் ஏற்க மாட்டேன். லிதியம் தாகம் பிடித்தது. எஞ்சினின் ஆல்டர்னேட்டர் தரும் அத்தனை மின்சாரத்தையும் மணிக்கணக்கில் உறிஞ்சும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். வெப்பத்தைக் கவனிக்கும் ரெகுலேட்டரோ, டி.சி. டு டி.சி. சார்ஜரோ நடுவில் வேண்டும். அடுத்து, பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் ஆபத்து என்று கண்டால் பேட்டரியைச் சட்டென்று துண்டிக்கும். எஞ்சின் ஓடும்போது அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்துக்குப் போக இடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறும். அந்த விலை உயர்ந்த திரைகள் போவது இப்படித்தான்.

பியூஸும் சாதாரணமானது போதாது. லிதியம் பேட்டரித் தொகுப்பில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண பியூஸ் எரிந்தாலும் அதன் முனைகளுக்கிடையே மின்பொறி தொடரும். கிளாஸ் டி என்ற வகை இதை அணைப்பதற்கென்றே செய்தது. 20,000 ஆம்பியரையும் நிறுத்தும். அது பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். படகின் கீழ்ப்பகுதியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்புகளைத் தவிர, எல்லாமே மெயின் சுவிட்சுக்குப் பின்னால் வர வேண்டும். அந்த பம்ப்புகள் ஒவ்வொரு ஹல்லுக்கும் தனியாக, சொந்த பியூஸ் வழியாக, நேரே பேட்டரியில்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று வோல்ட் மீட்டரைப் பார்த்துச் சொல்வது லெட் ஆசிட்டில் ஓரளவு நடக்கும்: ஓய்வில் 12.7 என்றால் நிறைந்தது, 12.1, 12.2 என்றால் பாதி. லிதியத்தில் நடக்காது. கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ் காட்டிவிட்டு மளமளவென்று விழும். வந்த ஆம்பியரையும் போன ஆம்பியரையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் அவசியம். படகில் முதலில் வாங்க வேண்டிய டிஸ்ப்ளே என்று ஒன்று இருந்தால் என் கணக்கில் அது இதுதான்.

திரைகளுக்கு நான் எதிரி அல்ல. அருகில் வரும் கப்பலின் பெயர், வேகம், திசையைக் காட்டும் ஏ.ஐ.எஸ். இல்லாமல் மலாக்காவில் இரவு போகாதீர்கள். ஆனால் ஓப்பன் சி.பி.என். என்ற சார்ட் சாப்ட்வேர் இலவசம். லேப்டாப்பிலோ, ராஸ்பெர்ரி பையிலோ ஓடும். கருவிகளை இணைக்கும் என்.எம்.இ.ஏ. 2000 நெட்வொர்க்கும் பெரிய மர்மம் அல்ல. கார்களில் உள்ள கேன் பஸ்தான், வேகம் 250 கிலோபிட். இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். பவரை அணைத்து இரண்டு டேட்டா கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு டெர்மினேட்டரைக் காணோம், அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. சர்வீஸ் ஆள் வந்து லேப்டாப்பை விரிப்பதற்கு முன் இதை நீங்களே பார்த்துவிடலாம்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. பிரிட்டனின் ஜேம்ஸ் வாரம் 1950களில் இரண்டு பெண்களுடன் சுமார் 24 அடி நீளக் கேடமரான் ஒன்றை அட்லாண்டிக் தாண்டி டிரினிடாட் வரை செலுத்தினார். 2021ல் இறக்கும் வரை எளிய படகையே ஆதரித்தார். இரு ஹல்களை இணைக்கும் குறுக்கு விட்டங்களைக் கயிற்றால் கட்டுவது அவர் முறை. கட்டுமரம் என்ற பெயருக்கு மற்ற கம்பெனிகளை விட அவர் படகுகள்தான் நெருக்கம் என்பேன். பிரிட்ஜும் ஆட்டோபைலட்டும் இல்லாவிட்டால் பேட்டரிப் பிரச்னையும் இல்லை என்பார்கள் அவர் வழி வந்தவர்கள். உண்மைதான். ஆனால் அறுபது வயதில் கிளம்பும் தம்பதியரிடம் நான்கு மணி நேரம் சுக்கானைப் பிடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்ற பராமரிப்புகளை அவரவர் கவனித்துக்கொள்கிறார்கள்: அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத பெயின்ட், பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள், எஞ்சின் ஆயில். அவை கண்ணில் படுபவை. கண்ணில் படாத ஒன்று, தண்ணீருக்குள் இருக்கும் அலுமினிய செயில்டிரைவைக் காக்கும் துத்தநாக அனோடு. துறைமுகத்தில் கரை மின்சாரத்தைப் பிளக் செய்ததும் உங்கள் படகும் பக்கத்துப் படகும் எர்த் கம்பியால் இணைந்து, கடல்நீரே ஒரு பேட்டரி செல் ஆகிவிடும். அனோடு வேகமாகக் கரையும். அது தீர்ந்தால் அடுத்தது செயில்டிரைவ். கால்வனிக் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டி இதைத் தடுக்கும். விலை ஒரு நடுத்தர மொபைல் போன் அளவுதான்.

அந்த 42 அடி படகு கிளம்புவதற்கு முன் அண்ணன் கடைசியாக ஒரு வேலை செய்தார். பில்லில் அதற்கென்று தொகை எதுவும் போடவில்லை. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் எண் ஒட்டி, முழு வயரிங்கையும் ஒரே தாளில் வரைந்து, லேமினேட் செய்து, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில், ஆட்டோபைலட் எந்த எண் என்று தேடிக் கண்டுபிடித்தார். 14.