எடுக்கச் சொன்னார்கள், பதிலுக்கு என்ன?

செயற்கைக்கோள் போனையும் கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவிகளையும் உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பயணிகளை எச்சரிக்கும்படி, 2025 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முந்தைய மாதம்தான் இன்ரீச் வைத்திருந்த கனடா நாட்டுப் பெண் ஒருவர் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். வெளிநாட்டு உறவினர் மூலம் ஒன்று வரவழைத்துக்கொள்ளலாமா என்று நம் மலையேற்ற வழிகாட்டிகள் இன்னும் கேட்கிறார்கள். கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே வழக்கு வரும்.

கையோடு பைப் பட்டியலையும் திருத்திவிடுவோம். நாம் பின்பற்றும் அவசரகாலப் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க, கனடிய வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. கத்தி, தீமூட்டி, செயற்கைக்கோள் கருவி மூன்றும் அவற்றில் முதலில் நிற்கும். வேட்டையே குற்றமான நம் காடுகளில் அந்த மூன்றுமே சிக்கல். 1972 வன உயிரினச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குள் கத்தியும் அடக்கம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. பர்கூர் மலைக் காடுகள் 2024இல் தந்தை பெரியார் சரணாலயமாகிவிட்டன. பழைய பழக்கத்தில் அங்கே இடுப்பில் கத்தி செருகிக்கொண்டு போகாதீர்கள். கட்டுத்துணி வெட்ட முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். காப்புக்காட்டில் தீ மூட்டுவதை 1882 வனச் சட்டமே தடுத்திருக்கிறது. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு இதில் நமக்குள் பேச்சே தேவையில்லை. தீப்பெட்டி வண்டியிலேயே இருக்கட்டும். அந்த இடத்தில் அலுமினியப் போர்வை, இன்னொரு லிட்டர் தண்ணீர், நாலு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். வையுங்கள்.

கத்தியும் தீயும் இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம். உதவிக்கு ஆள் கூப்பிட மட்டும் வழியே இல்லை. இந்தப் பக்கத்தில் பல வருடங்களாக நான் எழுதிவருவது இதைத்தான்.

எங்கள் வெண்ணந்தூர் ஒன்றியத்திலேயே போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தை வடுகம் அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுபோன மலை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த மலை. இப்படிப்பட்ட மலைகளில் முகட்டில் நின்றால் சமவெளியில் உள்ள செல்போன் கோபுரத்தின் அலை கிடைக்கும். இரண்டு திருப்பம் இறங்கி ஓடைப் பள்ளத்துக்குள் போனால் அலைக்கோடு ஒவ்வொன்றாக மறையும். அங்கே ஒருவரைக் கண்ணாடிவிரியன் கடித்தால் என்ன செய்கிறோம்? கடிபட்ட காலை அசையாமல் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, துணை வழிகாட்டியை முகட்டுக்கு விரட்டுகிறோம். அவர் மூச்சிரைக்க ஏறி, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, 112 கிடைக்கிறதா என்று பார்க்கிறார். எந்த நிறுவனத்தின் அலை இருந்தாலும் 112 போகும். எந்த அலையும் இல்லாத இடத்தில் அதுவும் போகாது. விஷமுறிவு மருந்துக்கு முன்னால் போகும் ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகத்தின் கணக்கில் ஏறுகிறது.

கருவி நாட்டில் இல்லையா? இருக்கிறது. கடலுக்குப் போகும் மீனவர்களுக்காக இஸ்ரோ செய்த அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குச் சேர்கிறது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்கே திரும்பி வருகிறது. உள்நாட்டுக் கருவி, உள்நாட்டுச் செயற்கைக்கோள், உள்நாட்டு மையம். செயற்கைக்கோள் போன் தடைக்குச் சொல்வதுபோல மும்பைத் தாக்குதலைக் காரணம் காட்டி இதை மறுக்க முடியாது. கடலில் தத்தளிப்பவனுக்குக் கொடுத்ததை மலையில் விழுந்தவனுக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் தந்தார்கள். அதாவது வீட்டுக் கூரையில் செயற்கைக்கோள் இணையம் வைக்க வழி பிறந்துவிட்டது. ஆனால் ஐபோன் 14 முதல் பல நாடுகளில் வேலை செய்யும் செயற்கைக்கோள் அவசரச் செய்தி வசதி இங்கே இல்லை. அலை எட்டாத வாக்குச்சாவடிக்குத் தேர்தல் நாளில் மட்டும் வயர்லெஸ் போகிறது. அலை இல்லை என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. கட்டணம் வாங்குகிறது, உள்ளூர்ப் பிள்ளைகளை வழிகாட்டிகளாக்கியிருக்கிறது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் விசிலைக் கொடுத்துப் பதினைந்து உயிர்களுக்குப் பொறுப்பேற்கச் சொல்வது அநியாயம். வேண்டியதைக் கேட்டு எழுதினால், எங்கள் துறை இல்லை என்று அடுத்த துறையைக் கை காட்டுகிறார்கள். தடை போடும்போது மட்டும் எல்லாத் துறைகளும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

நம் கோரிக்கை ஒன்றுதான். ஒரு குழுவுக்கு ஒரு கருவி. வனத்துறையின் பெயரில் பதிவு. சோதனைச் சாவடியில் கையெழுத்திட்டு வாங்கி, இறங்கியதும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. இதற்கு ஆதாரம் நம்மிடம்தான் இருக்கிறது. உங்கள் பாதையில் அலை எங்கே அறுகிறது, மறுபடி எங்கே கிடைக்கிறது, இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிட நடை என்பதைக் குறித்து அடுத்த இதழுக்குள் அனுப்புங்கள். மலைவாரியாகத் தொகுத்து, மாவட்ட வன அலுவலர்களிடம் நேரில் கொடுக்கப் போகிறோம்.