வாங்குமுன் ஒரு வார்த்தை: நிழற்படத்துக்கும் ஓடும் படத்துக்கும் ஒரே காமிரா

சென்ற இதழில் குடிநீர் வடிகட்டும் கருவியைப் பற்றி எழுதி முடித்தபோது, அடுத்த மாதம் தையல் இயந்திரத்தை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். அவ்வாக்கை இம்மாதம் காப்பாற்ற முடியவில்லை. அதற்காகக் காத்திருக்கும் சகோதரிகள் பொறுத்தருள வேண்டும். டோம்பிவிலியிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதமே இதற்குக் காரணம். அவர் மகளுக்கு வைகாசியில் திருமணம். அதற்குள் வீட்டில் ஒரு காமிரா வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆவல். அது நிழற்படமும் எடுக்க வேண்டும், ஓடும் படமும் எடுக்க வேண்டும், செலவு எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார். மாப்பிள்ளையாக வரப்போகிறவர் வேறொன்றைச் சொல்கிறார். "தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று முடித்திருக்கிறார்.

நான் படக்கலை வல்லவன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் குமாஸ்தா. எண்பதாயிரம் என்பது எங்களைப் போன்றோர்க்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 2025 ஆம் ஆண்டில் எங்களுக்குக் கிடைத்த 78 நாள் போனஸின் உச்சவரம்பு 17,951 ரூபாய். நான்கு ஆண்டு போனஸைத் தொடாமல் வைத்தாலும் எண்பதாயிரம் ஆகாது. ஆகவே இவ்விஷயத்தில் ஓராண்டு அலைந்து நான் கற்றதை, இழந்ததையும் சேர்த்து, ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் தந்தையார் 2021 இல் காலமானார். சுவரில் மாட்டிய அவர் படம் நன்றாகவே இருக்கிறது. அவர் குரல் மட்டும் எங்களிடம் இல்லை. உறவினர் ஒருவர் கைபேசியில் பதினொரு வினாடி இருக்கிறது. அதிலும் நாகசுவரத்தின் கீழே அவர் குரல் அமுங்கிக் கிடக்கிறது. தாயாருக்கு இப்போது வயது எழுபத்தாறு. பொங்கல் கழிந்ததும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணுக்கு வந்து மூன்று மாதம் எங்களோடு தங்குவது வழக்கம். பள்ளியில் மராத்தியும் இந்தியும் படிக்கும் என் மகளுக்குத் தமிழ் வருவதெல்லாம் பாட்டியின் வாய் வழியாகத்தான். ஆதலால் தாயார் பேசுவதை முகத்தோடும் குரலோடும் பதிந்து வைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

சென்ற ஆண்டு மாசியில், வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாமே என்று ஒரு பழைய மாதிரிக் காமிராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தேன். தாயாரைச் சாளரத்தருகே நாற்காலியில் அமர்த்தி, பொத்தானை அழுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். தம் அண்ணன் ஊரில் சண்டையிட்டு, கையில் காசின்றிப் பம்பாய்க்கு ரயிலேறி, தாராவித் தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த கதையை ஐம்பது நிமிடம் சொன்னார். பின்பு போட்டுப் பார்த்தால் பதிவு 29 நிமிடம் 59 வினாடியில் நின்றிருந்தது. மாமா அப்போது இன்னும் ரயிலிலேயே இருந்தார்!

காமிரா பழுதுபட்டதல்ல, அதன் அமைப்பே அது. முப்பது நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பியச் சுங்க விதி வீடியோ காமிரா என்று வகைப்படுத்தி வரி விதித்தது. அதைத் தவிர்க்கவே தயாரிப்பாளர் பலர் ஒரு வினாடி முன்னதாகவே நிறுத்திவிடும்படி வைத்தனர். பின்னர் வந்த மாதிரிகள் பலவற்றில் இத்தடை இல்லை. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மிச்சத்தை மறுபடி சொல்லும்படி வேண்டினேன். "ஏய்யா, சொன்ன கதையத் திரும்பச் சொல்லச் சொல்லுதியே, எந்த இடத்துல அழுதேன்னு எனக்கே ஞாபகம் இல்லியே" என்றார். பிறகு எனக்காகச் சொல்லவும் செய்தார்; பத்தே நிமிடத்தில், பத்திரிகைச் செய்தி போல.

நிற்க. மிர்ரர்லெஸ் என்னும் இக்காமிராவின் இயல்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். முந்திய எஸ்.எல்.ஆர். காமிராவினுள் ஒரு கண்ணாடி, லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். ஓடும் படம் எடுக்க வேண்டுமானால் கண்ணாடி தூக்கியபடியே நிற்க வேண்டும். அப்போது கண் வைத்துப் பார்க்கும் துளை இருண்டுவிடும். 2008 இல் நிக்கான் டி90, கானன் 5டி மார்க் 2 ஆகியவை ஓடும் படமும் எடுத்து வியப்பூட்டினவெனினும் இக்குறை அவற்றுக்கும் உண்டு. அதே ஆண்டில் பானசோனிக் ஜி1 கண்ணாடியை நீக்கிவிட்டு, ஒளியுணர் தகடாகிய சென்சார் காண்பதையே சிறு திரையில் காட்டியது. வேடிக்கை என்னவெனில் அந்த ஜி1 ஓடும் படமே எடுக்காது. 2009 இல் வந்த ஜிஎச்1 தான் எடுத்தது. இன்று ஒரே கருவியில் இரண்டும் வேண்டுவோர்க்கு மிர்ரர்லெஸ் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வினத்துக்குள் எது என்பதில்தான் தொல்லை.

கடையில் முதலில் மெகாபிக்ஸல் கணக்கைத்தான் சொல்வார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம். 20 ஆயினும் 24 ஆயினும் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு மிகையே. நாம் எந்த மணி நேரத்தைப் பதிய விரும்புகிறோம் என்பதை முதலில் மனத்தில் நிறுத்தி, அதற்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். என் மணி நேரம் இது: இரவு எட்டு மணி, குழல் விளக்கு, மின்விசிறி, நாற்காலியில் ஒரு முதியவர், நீண்ட பேச்சு. அதற்கு வேண்டியவை தடையில்லாப் பதிவு, வெளி மைக் செருகும் துளை, மங்கிய ஒளியைத் தாங்கும் லென்ஸ். கை நடுக்கத்தைச் சமன் செய்யும் அமைப்பைக் காமிரா உடலிலேயே வைத்தவை விலை ஏறும். நடந்துகொண்டே எடுப்போர்க்கு அது பெரிய உதவி. உட்கார்ந்திருப்பவரை எடுக்க ஒரு ட்ரைபாட் போதும். ஆதலால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன்.

மைக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காமிராவிலேயே உள்ள மைக், பேசுபவரைவிட மின்விசிறியைத்தான் அன்போடு கேட்கும். சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ குத்தும் சிறு மைக், வாய்க்குக் கீழே ஒரு சாண் தொலைவில் இருந்தால், ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் அச்சிறு பொருள் ஐம்பதாயிரம் ரூபாய்க் காமிராவின் குரலையே மாற்றிவிடும். சிலவற்றில் கைபேசிக்கு ஒன்று, காமிராவுக்கு ஒன்று என்று ஒரு விசை இருக்கும். தவறான பக்கம் கிடந்தால் பதிவு ஊமையாகிவிடும். ஒரு நிமிடம் பதிந்து போட்டுக் கேட்ட பிறகே பெரியவர்களைப் பேசச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்; அல்லது புழுக்கமில்லாத வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த மைக்கைத் தக்க இணைப்போடு இப்போது உங்களிடமுள்ள கைபேசியிலேயே செருகலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. குரலும் முகமும் மட்டும் போதுமெனில் காமிரா வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் கொடையில் தூரத்தே ஆடும் சாமியாடியை எடுக்கவும், மங்கிய மண்டபத்தில் ஓடியாடும் குழந்தையை எடுக்கவும் முயலும்போதுதான் கைபேசி கைவிரிக்கும்.

அடுத்தது ஒளி. உடன் கொடுக்கும் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 3.5 இல் தொடங்கி, கிட்ட இழுக்கையில் எஃப் 5.6 க்குச் சுருங்கும். எஃப் 1.4 லென்ஸ், 5.6 ஐவிடப் பதினாறு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் முழுதும் திறந்து வைத்தால் மூக்கு தெளிவாகவும் காது மங்கியும் தோன்றும். நான் 2.8 இல் நிறுத்துகிறேன்; அதுவே 5.6 ஐவிட நான்கு மடங்கு. காமிராவின் உடலில் கொஞ்சம் குறைத்து, ஒரு நல்ல லென்ஸில் கூட்டுங்கள் என்பது என் அபிப்பிராயம். உடல் ஐந்தாண்டில் பழசாகும். லென்ஸ் அடுத்த உடலுக்கும் உதவும், அதே மவுண்டாக இருந்தால்.

குழல் விளக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஆகவே விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். காமிராவை அமெரிக்க முறையாகிய என்.டி.எஸ்.சி.யில் விட்டு, வினாடிக்கு 30 சட்டமும் ஷட்டர் 60 இல் ஒரு பங்குமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடக்கூடும். பால் முறைக்கு மாற்றி, 25 சட்டமும் 50 இல் ஒரு பங்கு ஷட்டரும் வையுங்கள். மாற்றும்போது சில காமிராக்கள் மெமரி கார்டை அழிக்கச் சொல்லும். எனவே வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது நலம்.

ரயில்காரன் என்பதால் ஒரு சிறு சோதனையும் சொல்லிவைக்கிறேன். ஓடும் வண்டியின் சாளரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். அருகே ஓடும் மின்கம்பங்கள் சாய்ந்து தோன்றும். சென்சார் படத்தை ஒரே கணத்தில் அன்றி, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் நேர்வது இது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு மெதுவாகப் படிக்கிறது என்று பொருள். ஓசையில்லா ஷட்டரில் நிழற்படம் எடுத்தாலும் இதே கோணல் வரும். நாற்காலியில் இருக்கும் தாயாருக்கு இதனால் இடரில்லை. பந்து விளையாடும் பிள்ளையை எடுப்பவர் கவனிக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? 2021 இல் வந்த சோனி இசட்.வி. இ10 ஓடும் படத்துக்கு மிகவும் உகந்தது. குரலைக் காதில் மாட்டிக் கேட்கும் துளையும் உண்டு. ஆனால் கண் வைத்துப் பார்க்கும் துளை இல்லை. சித்திரை வெயிலில் ஊர்க்கொடையில் திரையைப் பார்த்து எடுக்க முயன்றால் நம் முகமே அதில் தெரியும். 2023 இல் வந்த கானன் ஆர்50 கைக்கு அடக்கமானது, கண் துளை உண்டு, 4கே படத்தை வெட்டாமல் முழு அகலத்தில் தரும். புதிதாக வாங்குவோர்க்கு நல்ல தேர்வு. அதே ஆண்டின் ஆர்100 மலிவு என்று மயங்க வேண்டாம். 4கே எடுக்கையில் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும், கவனக் குவிப்பும் தளரும். பணம் இன்னும் இருப்பவர் 2023 இன் ஃபூஜி எக்ஸ்.எஸ்.20 பக்கம் போகலாம், நான் போகவில்லை.

நான் வாங்கியது 2019 இல் வந்த சோனி ஏ6400, பிறர் உபயோகித்தது. அரைமணித் தடை அதில் இல்லை; மைக் துளையும் கண் துளையும் உண்டு. காதில் கேட்கும் துளை இல்லாதது குறைதான்; பேட்டரியும் சிறியது. சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்கு அருகிலுள்ள போரா பஜாரில் மதிய இடைவேளைகளில் ஆறு வாரம் நடந்தேன். உடலும் உடன்வரும் லென்ஸும் 48,000. பழைய சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 18,000. மைக் 900, ட்ரைபாட் 2,600, கார்டு 1,500, உபரி பேட்டரிகள் 2,000. ஆக 73,000. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் காமிராவுக்குப் போயிற்று என்பதைக் கவனியுங்கள்.

பழையது வாங்குவோர் கடையிலேயே செய்ய வேண்டியவை உண்டு. எஃப் 16 இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரில் தூசியிருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். சொந்த மைக்கைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடேறி நிற்கிறதா என்று பாருங்கள்; கடைக்காரர் முகம் சுளித்தால் தேநீர் வரவழைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் உள்ள எண்ணும் காமிராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை ஒப்பிடாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

4கே வேண்டுமா என்றும் அன்பர் கேட்டிருந்தார். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் மணிக்கு 45 ஜி.பி. ஆகும், 50 மெகாபிட் வீதம் முழு எச்.டி.யில் அதில் பாதி. பேசும் முகத்துக்கு முழு எச்.டி. போதும், காமிராவும் குளிர்ந்திருக்கும். எதில் எடுத்தாலும் இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். எங்களுடையது ஒன்று கல்யாணில், ஒன்று ஊரில் தங்கை வீட்டில்.

இனி அன்பரின் திருமணத்துக்கு வருகிறேன். திருமண நாளன்று மட்டும் இக்காமிராவைத் தொட வேண்டாம். அதற்குக் கூலிக்கு ஆள் அமர்த்திவிடுங்கள். பெண்ணைப் பெற்றவர் அன்று கையில் காமிராவோடு நின்றால் சம்பந்தி வீட்டாரை வரவேற்பவர் யார்? அதற்கு முந்திய வாரம், ஊரிலிருந்து பெரியம்மாக்களும் சித்திகளும் வந்து உங்கள் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டு முறுக்குச் சுற்றுவார்களே, அப்போது எடுங்கள்.

இவ்வாண்டும் தாயார் வந்திருக்கிறார். மாமா கதையை நான் கேட்கவில்லை. கிணறு வெட்டிய கதை, புளி விற்ற கதை என்று வேறு ஏழெட்டுப் பதிந்தாயிற்று. சென்ற வாரம் என் மகள் தானாகவே, "ஆச்சி, அந்த ரயில்ல போன தாத்தா அப்புறம் எங்க இறங்குனாரு?" என்றாள். காமிரா பையில் இருந்தது. எடுக்க எழுந்த என்னை என் மனைவி கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்; உட்கார்ந்து கேட்டேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்துக்குக் காமிராவைக் கொண்டுவருகிறேன். டோம்பிவிலி அன்பரும் விருப்பமுள்ள பிறரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். தையல் இயந்திரம் அடுத்த மாதம் நிச்சயம்.