நம்பிக்கையும் ஒரு மூலதனமே!

போர்கள், பருவநிலை மாற்றம், விலைவாசி உயர்வு என நெருக்கடிகள் சூழ்ந்த உலகைக் கண்டு மூத்தோர் கவலையுறுகின்றனர். ஆனால், இளைஞர்களின் பார்வை வேறு. கரோனா பெருந்தொற்று வாட்டிய 2021-ஆம் ஆண்டில், இந்தியா உள்ளிட்ட 21 நாடுகளில் யுனிசெஃப் அமைப்பும் கேலப் நிறுவனமும் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. தலைமுறைதோறும் உலகம் மேம்பட்டு வருவதாக 15 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் 57 சதவீதத்தினர் கருதினர்; 40 வயதைக் கடந்தோரில் அவ்வாறு கருதியவர்கள் 39 சதவீதத்தினரே.

இதனை அனுபவமின்மை என்று ஒதுக்கிவிட இயலாது. செல்வந்த நாடுகளின் இளைஞர்களில் பெரும்பாலோர், இன்றைய குழந்தைகள் பொருளாதாரத்தில் பெற்றோரைவிடப் பின்தங்குவர் என்றே அதே ஆய்வில் கூறினர். முன்னேற்றத்தை எதிர்பார்த்தவர்கள் ஏழை நாடுகளின் இளைஞர்களே. ஆக, நம்பிக்கையைத் தீர்மானிப்பது செல்வத்தின் அளவன்று. பெற்றோர் நின்ற படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் வாய்ப்பே.

நான் கற்பித்த மாணவர்கள் பலர், தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கட்டணம் செலுத்த நகையை அடகு வைத்த பெற்றோரும் அவர்களுள் உண்டு. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில், 2021-22-இல் நாட்டின் சராசரி 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாடு 47 சதவீதத்தை எட்டியதற்குப் பின்னால், இத்தகைய குடும்பங்களின் முதலீடும் இருக்கிறது.

முதலீட்டுக்கு ஈட்டம் வேண்டும். இந்தியாவில் 2022-இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்றும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம் மட்டுமே என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. வறியவர் கிடைத்த வேலையைச் செய்கிறார். பட்டதாரியோ படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வில், ஆறாயிரத்துச் சொச்சம் பணியிடங்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். இந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளுமானால், அடுத்த வீட்டுப் பெற்றோர் தம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பவே தயங்குவர்.

இளைஞர்களுக்கு அறிவுரைகள் போதும். போட்டித் தேர்வுகளும் முடிவுகளும் நியமனங்களும் குறித்த காலத்தில் நிகழ வேண்டும். படிக்கும்போதே உதவித்தொகையுடன் கூடிய தொழிற்பழகுநர் பயிற்சி, கலை, அறிவியல் மாணவர்களுக்கும் பரவலாகக் கிடைக்க வேண்டும். சிறு, குறுந்தொழில்கள் மாவட்டந்தோறும் தழைக்க வேண்டும்.

இளைஞர்களின் நம்பிக்கை, அவர்கள் நமக்கு அளித்துள்ள கடன். அதனை வட்டியுடன் திருப்பித் தருவது மூத்த தலைமுறையின் பொறுப்பு.